அட்டை கிழிந்த பக்கத்துக்கு ஆண்டு சொல்வது எப்படி: எழுபதுகளின் அமெரிக்க ஆண்கள் இதழ்கள்

மூன்று அட்டைப்பெட்டிகள். கொண்டுவந்த தம்பி என் முகத்தையே பார்க்கவில்லை. "அப்பாவோடது அக்கா. கப்பல்ல இருந்தப்ப அமெரிக்காவுல வாங்கினது. வருஷம் வாரியா பிரிச்சுக் குடுத்தா ஒருத்தர் வாங்கிக்கிறேங்கிறார். உங்களுக்குச் சங்கடமா இருந்தா விட்டுடுங்க" என்றார்.

இருபத்தாறு வருடம் படங்களுக்கு ரீடச்சிங், அதாவது படத்தில் இருக்கிற குறைகளைத் திருத்துகிற வேலை, செய்தவள் நான். முதலில் பிரஷ், அப்புறம் காற்றால் மையைத் தெளிக்கிற ஏர்பிரஷ், கடைசியில் கம்ப்யூட்டர். தோலைப் பார்த்துச் சங்கடப்பட்டால் அந்த வேலையில் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. எனக்கு வந்த சங்கடம் வேறு. பாதிக்கு மேல் அட்டை இல்லாத உதிரிப் பக்கங்கள். ஓரமெல்லாம் எலி கடித்து, மாதமும் ஆண்டும் அச்சான அடிவரி போய்விட்டிருந்தது. மிஞ்சியது படம் மட்டும். அதை வைத்தே 1969-க்கும் 1980-க்கும் நடுவில் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பத்து நாள் வேலையில் எனக்குப் பிடிபட்ட முறையைத்தான் எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று, பக்கவாட்டிலிருந்து அடிக்கிற விளக்கு, பென்சில், துண்டுச் சீட்டுகள். பேனா மேசைப் பக்கமே வரக்கூடாது. துருப்பிடித்த பின்னை விரலால் பிடுங்காதீர்கள், தாளோடு வரும்.

முதல் விதி: உடம்பைப் பார்க்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். "அந்தக் காலத்தில் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார்கள், அப்புறம் ஒல்லியானார்கள்" என்று ஒரு கணக்கு எல்லார் மனதிலும் இருக்கிறது. அது பொய்யில்லை, ஆனால் ஒற்றைப் படத்துக்கு ஆண்டு சொல்ல உதவாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நெற்றியிலிருந்து ஆரம்பியுங்கள்.

தலைமுடி கோதி உப்ப வைத்து, ஸ்பிரே அடித்து, ஒரு இழைகூட அசையாமல் நின்றால் அது அறுபதுகளின் மிச்சம். எழுபது, எழுபத்தொன்று வரைகூட வரும், ஏனென்றால் பத்தாண்டு மாறுகிற அன்றைக்கு யாரும் சலூனுக்கு ஓடுவதில்லை. நடு வகிடு எடுத்து, நேராக, தோளுக்குக் கீழே சும்மா விழுகிற முடி என்றால் எழுபதுகளின் முதல் பாதி என்று எழுதலாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. இரண்டு பக்கமும் இறகு மாதிரி பின்னால் பறக்கிற வெட்டு இருந்தால் கேள்விக்குறி வேண்டாம். அது நடிகை ஃபாரா ஃபாசெட்டின் முடி. அவர் சிவப்பு நீச்சலுடையில் சிரிக்கிற போஸ்டர் 1976-இல் வந்தது, அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் அவர் நடித்த 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. இதழ்களுக்குப் படம் எடுப்பது பல மாதம் முன்னால். ஆகவே அந்த வெட்டு உள்பக்கங்களில் வரிசையாகத் தெரிந்தால் 1977-க்கு முன் நான் வைக்க மாட்டேன். ஃபாராவே பிளேபாய் இதழின் அட்டைக்கு வந்தது 1978 டிசம்பரில். பின்னல் பின்னலாகப் போட்டு மணி கோத்திருந்தால் அடுத்த பத்தாண்டின் வாசலில் நிற்கிறீர்கள். நடிகை போ டெரெக் அப்படித் தலை பின்னி வந்த 'டென்' படம் 1979 இறுதியில் வெளியானது, பிளேபாய் அட்டையில் அவர் 1980 மார்ச்.

ஆஃப்ரோ, அதாவது சுருள்முடியை வட்டமாக உப்பவிட்ட தலை, இருந்தால் நின்று நிதானித்துப் பாருங்கள். பிளேபாயின் விரித்துப் பார்க்கிற நடுப்பக்கப் படத்துக்கு முதல் கறுப்பினப் பெண் ஜெனிஃபர் ஜாக்சன் வந்தது 1965 மார்ச்சில். ஆனால் ஒரு கறுப்பினப் பெண் தனியாக அட்டையைப் பிடிக்க 1971 அக்டோபர் ஆயிற்று. டேரின் ஸ்டெர்ன், முயல் தலை வடிவ நாற்காலி, பின்னால் வட்டமாக நிற்கிற முடி. முடியை நேராக்காமல் அட்டையில் வைத்தது அந்த வருடத்துக்குப் பெரிய விஷயம். எங்கள் பெட்டியில் அந்த அட்டை இருந்தது, கீழ்மூலை மட்டும் போயிருந்தது. அதில் நான் எழுதிய ஆண்டுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அடுத்து புருவம். ரப்பர் வைத்து அழித்து மறுபடி வரைந்தது போல நூலாக இருந்தால் பத்தாண்டின் முதல் பாதியில் தேடுங்கள். தானாக வளர்ந்த கனத்த புருவம் என்றால் 1975-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. மாடல் மார்கோ ஹெமிங்வே அந்தக் கறுத்த புருவத்தோடுதான் அந்த ஆண்டு வாசனைத் திரவிய விளம்பரத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடும் ஒட்டு இமையும் வெளிறிய உதடும் அறுபதுகள். பழுப்பு நிழலும் ஈரம் மாதிரி மினுங்குகிற உதடும் எழுபதுகள். உதட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அச்சு மை அதிகம் ஏமாற்றுவது அங்கேதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். லூப்பைக் கண்மணி மேல் வையுங்கள்.

கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது விளக்கின் பிரதிபலிப்பு. இரண்டு மூன்று புள்ளிகள், ஓரம் கூர்மையாக இருந்தால் ஸ்டுடியோ ஃப்ளாஷ். அகலமாக, நாற்சதுரமாக, நடுவில் கம்பி மாதிரி ஒரு கோடு ஓடினால் ஜன்னல். முதல் நாள் சாயங்காலம் ஒரே ஒரு பக்கத்தோடு அரைமணி உட்கார்ந்திருந்தேன். பெண் படுக்கையில் சாய்ந்திருக்கிறாள், முகம் பக்கவாட்டில். வலது கண்ணில் ஜன்னலின் நான்கு கண்ணாடிச் சதுரங்களையும் எண்ண முடிந்தது. அதற்கு மேல் எல்லாமே லேசாகப் பனி போர்த்தினாற்போல் இருந்தது. முடியின் ஓரத்தில் ஒளி கசிந்து தலையணையில் கலந்திருந்தது. லென்ஸ் முன்னால் மென்மை ஃபில்டரோ, கண்ணாடியில் தடவிய வாஸ்லினோ, நீட்டிப் பிடித்த ஸ்டாக்கிங் துணியோ, மூன்றில் ஒன்று இருந்திருக்கும். நாங்களும் மூன்றையும் செய்திருக்கிறோம்.

அந்தப் பனிக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. அது தெரிந்தால் ஆண்டு பாதி தெரிந்த மாதிரி. பிளேபாயை ஹியூ ஹெஃப்னர் சிகாகோவில் தொடங்கியது 1953 டிசம்பரில். அவருடைய வாய்ப்பாடு 'பக்கத்து வீட்டுப் பெண்'. 1955 ஜூலையில் சொந்த அலுவலகத்தில் சந்தாப் பிரிவில் வேலை பார்த்தவரையே நடுப்பக்கத்தில் போட்டார். அதில் வருகிற பெண் காமிராவைப் பார்ப்பாள், சிரிப்பாள், பற்கள் தெரியும். நடுப்பக்கத்துக்கு எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய காமிரா, சுற்றிலும் விளக்குகள். மூன்று பக்க மடிப்பை விரித்தால் தரைக் கம்பளத்தின் இழைகூடத் துல்லியமாகத் தெரியும்.

பாப் கூச்சியோனே 1965-இல் பிரிட்டனில் பென்ட்ஹவுஸைத் தொடங்கி, 1969 செப்டம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். வருவதற்கு முன்னால் கொடுத்த விளம்பரத்தில் பிளேபாயின் முயல் சின்னத்தைத் துப்பாக்கிக் குறிக்குள் வைத்தார். மனிதர் ஓவியர். புகைப்படம் தானாகக் கற்றது. ஆரம்ப காலத்தில் பல படங்களைத் தானே எடுத்தார். ஒளியைக் கேன்வாஸில் பூசுவதுபோலப் பூசுவார், பெண் காமிராவைப் பார்க்க மாட்டாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் தன் போக்கில் இருப்பாள். சிரிப்பும் இல்லை.

அதனால் பார்வை எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்துச் சிரித்தால் பழைய பிளேபாய் வழி. கண் கீழே, வாய் லேசாகத் திறந்து, சிரிப்பில்லாமல் இருந்தால் பென்ட்ஹவுஸ் வழி. ஒரு பிளேபாய் பக்கத்திலேயே பனியும் கீழ்ப்பார்வையும் கண்டால் போட்டி உறைத்த பிறகு எடுத்தது. அதை 1972-க்கு மேல் வைக்கத் தயங்காதீர்கள்.

துண்டு, தலையணை, மடக்கிய முழங்கால் ஆகியவற்றையும் கவனியுங்கள். வேடிக்கையாக இருந்தாலும் நல்ல சாட்சி இவைதான். அறுபதுகளின் படத்தில் இடுப்புக்குக் கீழே ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும், அது போதாவிட்டால் என்னைப் போல ஒருவர் ஏர்பிரஷ்ஷை எடுப்பார். 1970-இல் பென்ட்ஹவுஸ் அந்தக் கோட்டைத் தாண்டியது. பிளேபாய் 1971 ஜனவரியில் ஒரு கால் வைத்து, 1972 ஜனவரியில் மர்லின் கோல் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் நடுப்பக்கத்தில் முழுதாகத் தாண்டியது. 1974 ஜூலையில் லாரி ஃபிளின்ட்டின் ஹஸ்ட்லர் வந்து போட்டியையே வேறு இடத்துக்குக் கொண்டுபோயிற்று. அந்தப் பக்கங்களைப் பிரிக்க என் வழிகாட்டி தேவையில்லை, மென்மை என்பதே இருக்காது. தலையணை எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்த்தே முதல் பெட்டியை இரண்டாக வகுந்துவிட்டேன்.

அப்புறம் தோல். இதில் நான் கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, லூப்பைக் கன்னத்திலிருந்து மெதுவாகத் தோளுக்கு நகர்த்துங்கள். ஏர்பிரஷ் போன இடத்தில் தோலின் நுண்துளைகள் திடீரென நின்றுவிடும். முழங்கைக்கு மேலே மயிர்க்கால் தெரியும், முழங்கைக்குக் கீழே பளிங்கு. தொடையும் வயிறும் ஒரே நிறத்தில், பந்து மாதிரி வழுவழுவென இருந்தால் பழைய வேலை. எழுபதுகளில் விட்டுவைத்தார்கள். புள்ளிப் புள்ளியாக மச்சம், மூக்கின் மேல் வெயில் தழும்பு, நீச்சலுடை வாரின் வெள்ளைக் கோடு. வாரின் தடம் அறுபதுகளில் என்றால் அழிக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே அதுவே அலங்காரம். இந்தப் பெண் நிஜமாகவே கடற்கரைக்குப் போனவள், நேற்றுவரை உடுத்தியிருந்தாள் என்று சொல்கிற கோடு. அதே நேரத்தில் 1973-இல் மாடல் லாரன் ஹட்டன் பல் இடைவெளியோடு ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தின் ஒப்பந்த முகமானார். குறையை மறைக்காதது விலை போக ஆரம்பித்த காலம்.

ஆனால் 'இயற்கை' என்று நம்பிவிடாதீர்கள். வெள்ளைக் கோட்டை விட்டுவைத்த அதே கை, பக்கத்தில் இருந்த ஒரு தழும்பை எடுத்திருக்கும். ஒரு பக்கத்தில் தோளில் பதினோரு மச்சங்கள் எண்ணினேன், அதே பெண்ணின் அடுத்த பக்கத்தில் ஒன்பது. இரண்டைக் காணோம். யாரோ ஒருவர் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். முழுதாக வழித்தெடுப்பதைவிட இது கஷ்டமான வேலை. அந்த ஆளுக்கு யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள், நானாவது சொல்லிவைக்கிறேன்.

பனி போர்த்திய அந்த மென்மைக்கு எல்லாரும் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத் தெரியும்: அகலத் தொப்பி, ஊதா இறகு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிற முகம். அது 1972 நவம்பர் பிளேபாயின் நடுப்பக்கம், லென்னா என்ற பெயரில் வந்த ஸ்வீடன் நாட்டுப் பெண். எழுபது லட்சத்துக்கும் மேல் விற்ற இதழ் அது. அடுத்த ஆண்டு தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படச் செயலாக்க ஆய்வுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, கையில் கிடைத்த அந்தத் தாளின் மேல்பகுதியை மட்டும் ஸ்கேனரில் சுற்றி, 512-க்கு 512 புள்ளிகளாக்கினார்கள். ஐம்பது ஆண்டு உலகம் முழுக்கச் சோதனைப் படம் அதுதான். இப்போது பல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை, அந்தப் பெண்மணியே போதும் என்று சொல்லிவிட்டார். நமக்கு அதில் பாடம் இருக்கிறது. முடி நீளமாகச் சும்மா விழுகிறது, ஒளி இளஞ்சூட்டில் பரவியிருக்கிறது, சிரிப்பில்லை. 1972 எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்தச் சதுரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உடம்பு. 1980-இல் வந்த ஓர் ஆய்வு 1959 முதல் 1978 வரையிலான பிளேபாய் நடுப்பக்கங்களையும் மிஸ் அமெரிக்கா போட்டியாளர்களையும் எடுத்துப் பார்த்து, எடை படிப்படியாகக் குறைந்ததைக் காட்டியது. நிஜ அமெரிக்கப் பெண்களின் சராசரி எடை அதே காலத்தில் கூடிக்கொண்டிருந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னொன்று 1953 முதல் 2001 வரை 577 இதழ்களை எடுத்துக்கொண்டது: மார்பளவும் இடுப்பின் கீழ் அளவும் சுருங்க, இடை அகன்று, மணல்கடிகார வடிவம் மெல்ல நேராகிப்போனது. இரண்டும் உண்மை. ஆனால் இவை நூற்றுக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்தினால் தெரிகிற சரிவு. தனியாக ஒருத்தியை நிறுத்தினால், அவள் 1971-லும் இருக்கலாம், 1978-லும் இருக்கலாம். போதாக்குறைக்கு இதழ் அச்சிட்ட அளவுகளை யாரும் டேப் வைத்துச் சரிபார்க்கவில்லை. படுத்திருக்கும் உடம்பும் பக்கவாட்டில் திரும்பிய உடம்பும் லென்ஸுக்கு முன்னால் வேறு வேறு ஆள். உடம்பை வைத்து நான் ஆண்டு எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு சலுகை: பெண்ணின் சொந்தக் கையெழுத்தில் அளவும் விருப்பு வெறுப்பும் நிரப்பிய படிவம் பக்கத்தோடு ஒட்டியிருந்தால், பிளேபாய் அதை ஆரம்பித்தது 1977-இல். அதற்கு முன் போகாதீர்கள்.

நீச்சலுடைப் பக்கங்கள் கலந்திருந்தால் தனியாக வையுங்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற விளையாட்டு இதழ் 1964 ஜனவரியில் தொடங்கிய குளிர்கால நீச்சலுடை இதழை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவர் ஜூல் கேம்ப்பெல் என்ற பெண்மணி. அவர் தேடியது வெயில் பட்ட, ஓடியாடுகிற உடம்பு. மாடல் ஷெரில் டீக்ஸ் வலை நீச்சலுடையில் நனைந்து நிற்கிற படம் 1978. அதைப் பார்த்துச் சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. அறைக்குள் பனி போர்த்திப் படுத்திருந்த அழகு அதற்குள் வெளியே வந்து தண்ணீரில் நனைந்துவிட்டிருந்தது.

இத்தனையும் முடித்த பிறகுதான் தாளைத் திருப்ப வேண்டும். முதலிலேயே திருப்பினால் கண் பழகாது. ஆனால் திருப்பாமல் ஒருபோதும் ஆண்டு எழுதாதீர்கள். நான் இதில் அடி வாங்கினேன். இரண்டாம் நாள், நடு வகிடு, நேர்முடி, நூல் புருவம், ஜன்னல் ஒளி, எல்லாம் பார்த்து "1971" என்று அழுத்தி எழுதினேன். கேள்விக்குறிகூடப் போடவில்லை, அவ்வளவு திமிர். சீட்டு செருகும்போது தாள் புரண்டது. பின்னால் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் விளம்பரம். அது அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1975 இறுதியில். ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். யாரோ ஒரு புகைப்படக்காரருக்குப் பழைய அழகே பிடித்திருந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் ரசனையைச் சொல்லும், தேதி பின்பக்கத்தில் இருக்கும்.

பின்பக்கத்தில் சிகரெட் கட்டாயம் கிடைக்கும். 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடை, அந்தப் பணம் இதழ்களுக்கு ஓடியது. விளம்பரத்தின் கீழே சர்ஜன் ஜெனரலின், அதாவது அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின், எச்சரிக்கைப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு விளம்பரங்களில் அது கட்டாயமானது 1972-இல். பெட்டி இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. பீட்டாமேக்ஸுக்குப் போட்டியாக வந்த விஎச்எஸ் வீடியோ விளம்பரம் என்றால் 1977 பாதிக்கு மேல். வண்டி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சிபி ரேடியோ கண்டால் பெரும்பாலும் 1976-ஐச் சுற்றி.

மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு மடிப்புத் தாள் கிடைத்தது. விரித்தால் ஆண். கரடித்தோல் மேல் நடிகர் பர்ட் ரெனால்ட்ஸ், வாயில் சுருட்டு, நெஞ்சு முழுக்க முடி. 1972 ஏப்ரல் காஸ்மோபாலிட்டன், படம் எடுத்தவர் ஃபிரான்செஸ்கோ ஸ்கவுல்லோ. அது பெண்கள் இதழ். இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று தம்பியிடம் கேட்டேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அம்மா ஒரு தடவை அப்பாகூட கப்பல்ல போயிருக்காங்க" என்றார். அதற்கு மட்டும் தனி உறை போட்டுக் கொடுத்தேன். விற்கிற கட்டில் சேர்க்கவில்லை.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள். முந்நூற்று எழுபதுக்கு ஆண்டு எழுதினேன். மீதி நாற்பத்திரண்டுக்குப் பின்பக்கமும் படம்தான், விளம்பரம் இல்லை. அவற்றில் பென்சிலால் "1973–76, ஜன்னல் ஒளி" என்பது மாதிரி எழுதி, தனிக் கட்டாகக் கட்டி மேலே வைத்தேன். வாங்குகிறவருக்கு லூப் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார்.